மீன் தொட்டியில் மாட்டும் குட்டிப் பெட்டி: தண்ணீர் ஏறவில்லையா, ஒழுகுகிறதா, வழிகிறதா?

கப்பி, மோலி, பிளாட்டி வளர்க்கிற வீடுகளில் எல்லாம் ஒரு கட்டத்தில் இந்தப் பெட்டி தேவைப்படும். பெற்ற தாயே குட்டிகளைத் தின்றுவிடும் என்பதால், குட்டிகளைத் தனியாக வைக்கத் தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னப் பெட்டியை மாட்டுகிறோம். ஏர் மோட்டாரின் காற்று ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைப் பெட்டிக்குள் தூக்கிவிடும். பெட்டி நிறைந்ததும், தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே நீளும் ஒரு நாக்கு வழியாக அது மறுபடி தொட்டியிலேயே விழும். தனி ஃபில்டர் வேண்டாம், தனித் தண்ணீர் வேண்டாம்.

செய்வது சுலபம்தான். மாட்டிய பிறகு வரும் தொல்லைகளைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி என்று தெரிந்தவர்கள் வீட்டில் நான் மாட்டிக் கொடுத்த பெட்டிகளிலும், அவர்களே செய்துகொண்ட பெட்டிகளிலும், திரும்பத் திரும்ப வருவது அதே சில கோளாறுகள். "அண்ணா, மோட்டார் போயிடுச்சு போல, தண்ணி வரல" என்று போன் வரும். போய்ப் பார்த்தால் மோட்டார் நன்றாக இருக்கும். தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. மூடாத தொட்டியில் சில நாளிலேயே நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கிவிடும். இந்தப் பெட்டியோ அந்த மட்டத்தை நம்பித்தான் ஓடுகிறது.

அதனால் ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். பெட்டி நன்றாக ஓடும் ஒரு நாளில், தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் சரியாக ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான். கோடு வரைக்கும் தண்ணீர் இருந்தால் மட்டும் மற்ற சோதனைகளுக்குப் போங்கள்.

இன்னொன்று. தண்ணீரில் கை வைக்கும் முன் மோட்டார், லைட் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

நான் இங்கே சொல்வது 2 அடித் தொட்டியில் மாட்டும் பெட்டியை மனதில் வைத்து. பெட்டி சுமார் 25 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். முழுக்க நிறைந்தால் நாலரை லிட்டர், அதாவது நாலரைக் கிலோ. கண்ணாடி எடை தனி. இந்த எடையைத் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடி தாங்குகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி 1: பெட்டிக்குள் தண்ணீர் வருவது குறைந்துவிட்டது, அல்லது நின்றேவிட்டது

இதில் இரண்டு வழி பிரியும். தூக்கும் குழாயைப் பாருங்கள்: குமிழி நன்றாக வருகிறதா, இல்லையா?

*குமிழி நன்றாக வருகிறது, தண்ணீர்தான் ஏறவில்லை என்றால்*

கோட்டைப் பாருங்கள். சின்ன ஏர் மோட்டாரின் காற்று, நீர்மட்டத்துக்கு மேலே சில சென்டிமீட்டர்தான் தண்ணீரைத் தூக்கும். தொட்டியின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி கூடக் கூட, குழாயின் வளைவு வரைக்கும் வந்து வந்து தண்ணீர் திரும்பி விழும். அந்த வளைவில் தண்ணீர் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்குவது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், மட்டம்தான் காரணம். தண்ணீர் ஊற்றியதும் சரியாகிவிடும்.

எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதிலிருந்த உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதன்மேல் போர்வெல் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு மாதாமாதம் ஏறும். வேலூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் பொதுவாகவே கடினம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களில் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இறங்கிய மட்டத்தை நிரப்ப மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றும்போது வழக்கமான தண்ணீரையே ஊற்றலாம். கார்ப்பரேஷன் தண்ணீராக இருந்தால் குளோரின் போக வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கப்பியும் மோலியும் கடினத் தண்ணீரைத் தாங்கும், சொல்லப்போனால் மோலிக்கு அது பிடிக்கும். ஏஞ்சல், டெட்ரா வைத்திருப்பவர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தும் ஏறவில்லையா? தூக்கும் குழாயை வெளியே எடுத்து உள்ளே பாருங்கள். நத்தை, பாசி, செடியின் இலை, ஏதாவது ஒன்று அடைத்திருக்கும். பாட்டில் கழுவும் பிரஷில் மெல்லியது எடுத்து ஒரு தடவை விட்டு எடுத்தால் போதும்.

அதுவும் இல்லை என்றால் குழாயின் ஆழத்தைப் பாருங்கள். காற்று எவ்வளவு ஆழத்தில் குழாய்க்குள் நுழைகிறதோ அவ்வளவு நன்றாகத் தண்ணீர் ஏறும். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது குழாயை யாராவது கொஞ்சம் மேலே இழுத்து வைத்திருப்பார்கள். காற்று நுழையும் இடம் தண்ணீருக்குள் ஒரு சாணாவது இறங்கியிருக்கட்டும்.

கடைசியாகக் குழாயின் பருமன். அரை இன்ச் பிவிசி சரியாக ஓடும். ஒரு இன்ச் குழாய் போட்டால் அதிகத் தண்ணீர் வரும் என்று நினைத்துப் போடுகிறார்கள். சின்ன மோட்டாரின் குமிழிகள் அகலக் குழாயில் ஓரமாக நழுவி மேலே போய்விடும், தண்ணீரைத் தூக்காது. இந்தக் கோளாறு பெட்டி மாட்டிய முதல் நாளே தெரிந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் புதிதாக வராது.

*குமிழி குறைவு, அல்லது குமிழியே இல்லை என்றால்*

இங்கே மோட்டாரிலிருந்து ஆரம்பிக்காமல், தண்ணீர் முனையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். செலவு குறைந்தது முதலில் வரும்.

ஏர் டியூப் எங்காவது மடிந்திருக்கிறதா, ஸ்டாண்டின் கதவில் நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். வெயில் காலத்தில் டியூப் இளகி, வளைவில் தானாகவே மடிந்துகொள்ளும்.

அப்புறம் டியூப் முனையில் இருக்கும் ஏர் ஸ்டோனை (காற்றைச் சின்னக் குமிழிகளாகப் பிரிக்கும் துளைக்கல்) கழற்றுங்கள். வெறும் டியூப் முனையைத் தண்ணீரில் விடுங்கள். குமிழி பொலபொலவென்று வந்தால் ஸ்டோன் அடைத்திருக்கிறது. நம் தண்ணீரில் ஸ்டோனின் துளைகளில் வெள்ளை உப்பு படிவது சீக்கிரமே நடக்கும். கடையில் கிடைக்கும் வினிகரில் ஒரு இரவு ஊறவைத்து, நன்றாகக் கழுவி, காயவைத்து மாட்டலாம். அப்படியும் சரியாகவில்லை என்றால் புதிது வாங்குங்கள், விலை அற்பம்.

ஸ்டோன் இல்லாமலும் குமிழி குறைவா? நடுவில் இருக்கும் நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும், மறுபக்கம் துளியும் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனாலும், இரண்டு பக்கமும் போகாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

வால்வும் சரி என்றால் மோட்டாரின் காற்று வரும் மூக்கில் விரலை வையுங்கள். காற்று விரலைத் தள்ள வேண்டும். தள்ளவில்லை, ஆனால் மோட்டார் உறுமுகிறது என்றால் உள்ளே இருக்கும் ரப்பர் டயஃப்ரம் கிழிந்திருக்கும். அடிப்பக்கம் நான்கு ஸ்குரூவைக் கழற்றினால் கைக்கு எட்டும் இடத்திலேயே அந்த ரப்பர் மணி தெரியும். அதன் ஓரத்தை விரலால் லேசாக இழுத்தால் கிழிசல் வாயைத் திறக்கும். பெரிய மோட்டார்களுக்கு இந்த ரப்பர் தனியாகக் கிடைக்கும். சின்னதுக்குத் தேடி அலைவதைவிட மோட்டாரையே மாற்றுவது நல்லது.

ராத்திரி நேரத்தில் மட்டும் குமிழி குறைகிறதா? தெருவில் எல்லார் வீட்டு ஏசியும் ஓடும் நேரம் அது. வோல்டேஜ் இறங்கினால் இந்த வகை மோட்டாரின் துடிப்பும் பலவீனமாகும். மோட்டாரை மாற்றிப் பயனில்லை. ஃபேனும் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள், புரிந்துவிடும். எலக்ட்ரீஷியனையோ மின்வாரியத்தையோ கேட்க வேண்டிய விஷயம் அது.

அறிகுறி 2: தரையில் தண்ணீர்

பதற்றத்தில் எல்லாரும் உடனே செய்வது, சிலிக்கான் டியூபை எடுத்து வெளிப்பக்கம் எல்லா மூலையிலும் பூசுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். தரையில் கிடக்கும் தண்ணீர் பல நேரம் கசிவே அல்ல. கசிவாக இருந்தாலும் வெளியே பூசியது நிற்காது.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். பெட்டியின் வெளிப்பக்கம், தொட்டியின் பக்கம், டியூப் எல்லாவற்றையும் பழைய வேட்டித் துணியால் உலரத் துடையுங்கள். பெட்டிக்கு நேர் கீழே ஒரு செய்தித்தாள், தொட்டிக்கு அடியில் ஓரமாக ஒன்று, மோட்டார் பக்கம் ஒன்று என்று விரியுங்கள். ஒரு மணி நேரம் மோட்டாரை நிறுத்தி வைத்துப் பாருங்கள். தாள் காய்ந்தே இருந்தால், இன்னொரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

*மோட்டார் ஓடும்போது மட்டும் நனைகிறது*

நல்ல செய்தி. பெட்டியில் ஓட்டை இல்லை.

நாக்கின் அடிப்பக்கத்தை விரலால் தொடுங்கள். ஈரமாக இருக்கும். தண்ணீர் நாக்கின் நுனியில் இருந்து நேராக விழாமல், அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்து, தொட்டியின் விளிம்பில் ஏறி, வெளிக் கண்ணாடியில் ஒரு நூல்போல இறங்கும். பாத்திரத்தில் இருந்து பாலை மெதுவாகச் சாய்த்தால் பாத்திரத்தின் அடியிலேயே ஓடுமே, அதே கதை. ஓட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில்தான் இது அதிகம். பரிகாரம் எளிது: நாக்கின் நுனிக்கு ஒரு செ.மீ. முன்னால், அடிப்பக்கத்தில், குறுக்கே ஒரு மெல்லிய சிலிக்கான் கோடு இழுத்துக் காயவிடுங்கள். பின்னால் ஓடிவரும் தண்ணீர் அந்த மேட்டில் தடுக்கி, தொட்டிக்குள் சொட்டிவிடும். அக்ரிலிக் நாக்காக இருந்தால் நுனியைச் சூடாக்கிச் சற்றே கீழ்நோக்கி வளைத்தாலும் போதும்.

அடுத்து ஏர் டியூப். ஈரம் டியூபின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி மோட்டார் வரைக்கும் போகும். டியூபை நேராகக் கீழே விடாமல், மோட்டாருக்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள். சொட்டு அந்தத் தொங்கலின் அடியில் விழும், மோட்டாருக்குப் போகாது. மின்சார ஒயருக்கும் இதே தொங்கல் கட்டாயம்.

குமிழி வெடித்துத் தெறிப்பது மூன்றாவது. குழாயின் வாயைப் பெட்டியின் உட்பக்கம் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள், அல்லது பெட்டியின்மேல் ஒரு சின்ன மூடி போடுங்கள். மூடி முழுக்க அடைக்காமல் காற்றுக்கு இடம் விடட்டும்.

*மோட்டார் நின்றிருந்தாலும் நனைகிறது*

இப்போது கசிவுதான். பெட்டியா, தொட்டியா?

பெட்டியைக் காலிசெய்து கழற்றி, ஒரு காய்ந்த தாளின்மேல் வைத்து, தனியாகத் தண்ணீர் நிரப்புங்கள். தாள் நனைந்தால் பெட்டி. நனையாமல் இருந்து, தொட்டிக்கடியில் நனைந்துகொண்டே இருந்தால் தொட்டி. தொட்டி என்றால் நேராக இந்தப் பகுதியின் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் கசிவு எந்த மூலையில் என்று தெரிந்ததும், அந்த இணைப்பின் உட்பக்கம் இருக்கும் சிலிக்கானை முழுவதும் பிளேடால் சுரண்டி எடுங்கள். கொஞ்சத்தை மட்டும் எடுத்துவிட்டு மேலே பூசினால் பிடிக்காது. காய்ந்த பழைய சிலிக்கானின்மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டு, புதிதாக ஒரே இழுப்பில் போட்டு விரலால் நீவுங்கள். டியூபில் பூஞ்சை எதிர்ப்பு என்று எழுதியிருக்கும் பாத்ரூம் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அதில் கலந்த மருந்து மீனுக்கு ஆகாது. போடும்போது வினிகர் வாடை அடிக்கும் சாதாரணக் கண்ணாடிச் சிலிக்கானே போதும்.

காயவைப்பதில்தான் அவசரப்படுகிறார்கள். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று மொட்டை மாடியில் வைப்பவர்கள் உண்டு. சிலிக்கான் வெயிலில் உலர்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 24 மணி நேரத்தில் இரண்டு மூன்று மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால், தடித்த இணைப்புக்கு இரண்டு மூன்று நாள் கொடுங்கள். மூக்கை வைத்துப் பாருங்கள், வினிகர் வாடை கொஞ்சமும் இருக்கக் கூடாது. அப்புறம்தான் தண்ணீர்.

அக்ரிலிக் பெட்டியில் கசிவு வேறு மாதிரி. அக்ரிலிக்கைச் சிலிக்கானால் ஒட்டியிருந்தால், அது இன்றில்லாவிட்டாலும் நாளை உரிந்து வந்தே தீரும். உரிந்த ஓரத்தை நகத்தால் தூக்கினால் பட்டைபோல முழுதாக வரும். திரும்பப் பூசுவது வீண். அக்ரிலிக்கைக் கரைத்து ஒட்டும் திரவத்தால்தான் இணைக்க வேண்டும். நேம் போர்டு செய்யும் கடைகளில் இதைத் தினமும் செய்கிறார்கள், துண்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஒட்டித் தருவார்கள். அந்தத் திரவத்தின் ஆவி உடம்புக்குக் கெடுதல், வீட்டு அறைக்குள் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: அக்ரிலிக்கை ஸ்பிரிட், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். வெட்டிய ஓரங்களில் மயிரிழை விரிசல்கள் பரவிவிடும், பிறகு அந்தப் பெட்டியை நம்ப முடியாது.

தொட்டியே கசிகிறது என்றால் உங்கள் வேலை இரண்டுதான். தண்ணீரைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். மீன்களை வாளிக்கோ டப்பிற்கோ ஏர் ஸ்டோனோடு மாற்றுங்கள். பெட்டி மாட்டிய பக்கத்தில் மேல் விளிம்பிலிருந்து விரிசல் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், தொட்டி செய்பவர் முதலில் அதைத்தான் கேட்பார். விரிசல் விட்ட கண்ணாடியைச் சிலிக்கான் பூசி ஓட்டுவது எந்த அளவுத் தொட்டியானாலும் ஆபத்து. கண்ணாடியை மாற்ற வேண்டும், அது அவருடைய கை வேலை.

அறிகுறி 3: பெட்டி நிரம்பி வெளியே வழிகிறது

நாக்கின் வாயில் குட்டிகள் வெளியேறாமல் இருக்க ஒரு வலையோ, சீப்புப்போலப் பல் வெட்டிய தடுப்போ வைத்திருப்பீர்கள். அது அடைத்திருக்கும். பாசி, தீனியின் பிசுக்கு, மிதக்கும் சின்னச் செடி, இந்த மூன்றில் ஒன்று. எடுத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்துப் போடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை அடைக்கிறது என்றால் வலையின் பரப்பு போதவில்லை என்று அர்த்தம். நாக்கின் வாயை அகலமாக்குங்கள். அதைவிட முக்கியமாக, அந்த வலையின் மேல் விளிம்பு பெட்டியின் மற்ற மூன்று பக்கச் சுவர்களையும்விட ஒரு செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். அப்போது வலை முழுக்க அடைத்தாலும் தண்ணீர் வலையைத் தாண்டி நாக்கில் விழுந்து தொட்டிக்கே போகும். இரண்டு குட்டி தப்பலாம், ஹால் நனையாது.

ஏர் மோட்டாருக்குப் பதிலாகத் தண்ணீருக்குள் வைக்கும் சின்ன மோட்டாரைப் போட்டிருந்தால் இந்த அறிகுறியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அடைப்பைப் பார்த்து நிற்காது. தன் வாய்க்குத் தண்ணீர் எட்டும்வரை தொட்டியைத் தரையில் இறைத்துக்கொண்டே இருக்கும். அந்த மோட்டாரைத் தொட்டியின் அடியில் வைக்காமல், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒட்டி வையுங்கள். வழிந்தாலும் மேல் பகுதித் தண்ணீரோடு நின்றுவிடும், மீன்கள் பிழைக்கும். நீர் தொடாமல் ஓடினால் மோட்டார் கெடும்தான், ஆனால் மீனைவிட மோட்டார் மலிவு.

அறிகுறி 4: கரண்ட் போனால் மட்டும் தொல்லை

*மோட்டாருக்குள் தண்ணீர் வந்துவிட்டது:* ஏர் மோட்டார் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, காற்று நின்றதும் டியூப் வழியே தண்ணீர் பின்னால் இறங்கியிருக்கிறது. சுவரில் ஆணி அடித்து மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே தொங்கவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. முடியாவிட்டால் நான்-ரிட்டர்ன் வால்வு, அம்புக்குறி தொட்டியைப் பார்த்தபடி. நம் தண்ணீரின் உப்பு அந்த வால்வையும் ஒட்டவைத்துவிடும், அதனால் அவ்வப்போது ஊதிப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த மோட்டாரைக் காயவைத்து மறுபடி பிளக்கில் செருகாதீர்கள், புதிது வாங்குங்கள்.

*பெட்டி காலியாகித் தொட்டி வழிகிறது:* தண்ணீருக்குள் வைக்கும் மோட்டார் வகையில் வருவது. குழாயின் வாய் பெட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது. மோட்டார் நின்றதும் அதே வழியாகத் தண்ணீர் திரும்புகிறது. விளிம்பு வரை நிரப்பிய தொட்டிக்கு நாலு லிட்டர் கூடுதலே போதும், வழிய. குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வையுங்கள்.

*ஒன்றும் வழியவில்லை, குட்டிகள்தான் மேலே வந்து வாயைத் திறக்கின்றன:* சுடுதண்ணீரில் உயிர்க்காற்று குறைவாகத்தான் கரையும். வெயில் நாளில் நாலு லிட்டர் தேங்கிய தண்ணீரில் குட்டிகள் நிறைய இருந்தால் சீக்கிரமே திணறும். ஒரு பேட்டரி ஏர் மோட்டார் வீட்டில் இருப்பது நல்லது. இல்லை என்றால் ஒரு டம்ளரால் தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத்திலிருந்து பெட்டிக்குள் மெதுவாக ஊற்றிக்கொண்டிருங்கள்.

அறிகுறி 5: ஓட்டம் சரி, குட்டிகள் சரியில்லை

*வலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன:* ஓட்டம் அதிகம். பிறந்து ஓரிரு நாளான குட்டிக்கு அந்த இழுப்பை எதிர்த்து நீந்தத் தெம்பு கிடையாது. ஏர் டியூபில் ஒரு டீ வால்வு போட்டு, காற்றில் பாதியை வெளியே விடுங்கள். வலைக்கு முன்னால் ஒரு மெல்லிய ஸ்பான்ஜ் துண்டு வைத்தால் இழுப்பு பரவலாகிக் குறையும்.

*எண்ணிக்கை குறைகிறது:* வலைக்கண் பெரிது, அல்லது வலைக்கும் சுவருக்கும் நடுவில் சந்து. சீப்பின் இடைவெளி ஒன்றரை மி.மீ.யைத் தாண்டினால் குட்டி கப்பி நழுவிவிடும். கொசுவலை நைலான் துணி நன்றாக வேலை செய்யும். பெரிய மீனின் வயிற்றைப் பார்த்தே குட்டி எங்கே போனது என்று தெரிந்துகொள்ளலாம், பாவம்.

*பெட்டியில் மட்டும் மேலே வந்து திணறுகின்றன, தொட்டி மீன்கள் சாதாரணமாக இருக்கின்றன:* முதலில் ஓட்டம் உண்மையிலேயே இருக்கிறதா என்று ஒரு சிட்டிகைத் தீனியை மிதக்கவிட்டுப் பாருங்கள். நாக்கை நோக்கி நகர வேண்டும். நகர்ந்தால், அடியில் படிந்த மிச்சத் தீனிதான் காரணம். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்துப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. குட்டி அதைத் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் மிஞ்சியது சில மணி நேரத்திலேயே தண்ணீரைக் கெடுத்துவிடும், இந்த அளவுச் சின்னப் பெட்டியில் அது விஷம்தான். போட்டே ஆக வேண்டும் என்றால் ஊசி முனை அளவு போடுங்கள். அடியில் உள்ளதை ஒரு துண்டு ஏர் டியூபால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

*பெட்டியிலும் தொட்டியிலும் ஒன்றாகத் திணறுகின்றன:* பெட்டியை விட்டுவிடுங்கள், கோளாறு தொட்டித் தண்ணீரில். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள், காற்றைக் கூட்டுங்கள். அடுத்த நாளும் அப்படியே என்றால் ஒரு பாட்டிலில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, அமோனியா சோதித்துத் தரும் மீன் கடைக்குப் போங்கள். டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டு நல்ல தண்ணீர் என்று சொன்னால் நம்பாதீர்கள்; அது உப்பின் அளவைக் காட்டும், அமோனியாவைக் காட்டாது.

அறிகுறி 6: பெட்டி சாய்கிறது, அல்லது கொக்கி வளைகிறது

அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மேலே கொக்கியில் தொங்கும் பெட்டி, கீழ்ப்பக்கம் தொட்டியை நோக்கிச் சாயத்தான் செய்யும். பெட்டியின் பின்புறம் அடியில், கொக்கியின் தடிமனுக்குச் சமமான ஒரு அக்ரிலிக் பட்டையை ஒட்டினால் நேராக நிற்கும். ரசமட்டம் வேண்டாம், பெட்டியின் நீர்மட்டமே மட்டம் காட்டும்.

கொக்கி உட்காரும் இடத்தில் கண்ணாடி விளிம்பின்மேல் ஒரு துண்டு ஏர் டியூபை நீளவாக்கில் கீறிச் செருகுங்கள். கண்ணாடியைக் கவ்விக்கொண்டு மெத்தைபோல உட்காரும், கொக்கியின் அழுத்தம் ஒரே புள்ளியில் விழாது. விளிம்பில் ஏற்கெனவே சில்லு பெயர்ந்திருந்தால் அந்த இடத்தில் மாட்டவே வேண்டாம், பக்கம் மாற்றுங்கள்.

3 மி.மீ. அக்ரிலிக்கில் செய்த பெட்டியின் நீளச் சுவர் நடுவில் புடைத்தால், மேல் விளிம்பில் குறுக்கே ஒரு பட்டை ஒட்டலாம். கொக்கியே வெளுத்து வளைந்திருந்தால் ஒட்டுப் போடும் கட்டம் தாண்டிவிட்டது. கண்ணாடிக் கடையில் சொல்லிப் பெட்டியையே புதிதாக, 4 மி.மீ. கண்ணாடியில், செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி 7: சளசளச் சத்தம், பச்சைப் பாசி

சத்தம் நாக்கில் இருந்து என்றால் தொட்டியின் மட்டத்தை உயர்த்துங்கள், விழும் உயரம் குறைந்தால் சத்தமும் குறையும். மோட்டாரில் இருந்து என்றால் அடியில் ஸ்பான்ஜ் வையுங்கள். பாசிக்கு ஜன்னல் வெயில்தான் காரணம். பெட்டியின் வெளிப்பக்கம் ஒரு கறுப்புத் தாள் ஒட்டுங்கள். வெள்ளையாகப் படியும் உப்புக்குத் தண்ணீர் வற்றிய நாளில் எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவினால் போதும்.

அறிகுறி 8: தண்ணீரில் கை வைத்தால் சுர்ரென்கிறது

இதற்குச் சோதனை எதுவும் நீங்கள் செய்ய வேண்டாம். விரலில் சின்னக் கீறல் இருந்தால்தான் உறைக்கும் அளவுக்கு லேசாக இருந்தாலும் சரி, கையை எடுத்துவிட்டு, அந்த அறையின் மெயினை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகு எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரோ ஹீட்டரோ உறை வெடித்திருக்கலாம், வீட்டின் எர்த் சரியில்லாமல் இருக்கலாம், பெட்டியிலிருந்து சொட்டிய தண்ணீர் பிளக் பாயிண்டுக்குள் இறங்கியிருக்கலாம். மூன்றையும் எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டதும் தானாக அணையும் பிரேக்கர் வீட்டில் இல்லை என்றால், அதே வருகையில் போடச் சொல்லுங்கள். மீன் தொட்டி இருக்கும் வீட்டில், அதுவும் குழந்தைகள் கை விடும் வீட்டில், அது இல்லாமல் இருக்கக் கூடாது. அவர் வந்து பார்த்து முடிக்கும்வரை தொட்டிக்கும் பெட்டிக்கும் பேட்டரி ஏர் மோட்டார் மட்டும் ஓடட்டும்.